பின்னால் கட்டிய கைகள்

அவருடைய முகத்தைவிட அவருடைய விரல்கள்தான் எனக்கு நல்ல ஞாபகம். முகம் ஊரில் எல்லாரும் பார்த்த முகம். நீளமானது, எப்போதும் கொஞ்சம் கோதுமை மாப் படிந்தது, எந்தச் சந்தடியிலும் மாறாதது. விரல்கள் அப்படியல்ல. யாராவது ஒருத்தர் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க, அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். முன்னால் நிற்கிறவர்களுக்கு, கோயில் வீதியில் காற்று வாங்குகிற மனிதரைப்போலத் தெரியும். பின்னால் நின்று பார்த்தால், அந்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்து முறுக்கிக்கொண்டு, கயிற்றில் கட்டின ஆட்டுக்குட்டி இழுபடுவதுபோல இழுபட்டுக்கொண்டிருக்கும். அதைக் கண்டவன் நான் ஒருவன்தான். ஏனென்றால், அவருக்குப் பின்னால் நின்று அவரில் என்ன பிழை பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

கௌரி, போன கிழமை நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வகுப்பில் உன்னை மொனிற்றராக வைத்திருக்கிறார்கள், கத்தினாலும் ஒருத்தரும் கேட்கிறார்கள் இல்லை, நீங்கள் சங்கத் தலைவராக இருந்தனீங்கள்தானே அப்பா, சனத்தை எப்படிக் கேட்கப் பண்ணினீங்கள் என்று. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தாமல் சொல்லிப் பார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது சரியான மறுமொழி இல்லை. சரியான மறுமொழி இந்த மனிதரைப் பற்றியது. அதனால்தான் அப்போது சொல்ல மனம் வரவில்லை. நேற்றுக் கிணற்றடியில் நடந்ததற்குப் பிறகு சொல்லாமல் இருக்க ஏலாது. தம்பிக்கும் நீயே வாசித்துக் காட்டு.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். அந்தப் பெயரை நான் ஒருநாளும் புகழ்ந்து சொன்னதில்லை, இந்த வயதில் இனிப் பழக்கிக்கொள்ளவும் விருப்பமில்லை.

நாங்கள் ஒரே வகுப்பு. அவர் முன் வாங்கில் இருந்தார், நான் அதற்குப் பின் வாங்கில். அவருக்குக் கணக்கு ஓடாது. எனக்கு ஓடும். நான் எஸ்.எஸ்.சி. வரைக்கும் போய், ஒரு பாடம் தவறி, பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சரானேன். அவர் மாமனுடைய பேக்கரியை எடுத்து நடத்தினார். ஊரில் ஒரு காரியம் என்றால் முன்னுக்கு நிற்க வேண்டியவன் நான்தான் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை. படிப்பும் இருந்தது, உத்தியோகமும் இருந்தது, குரலும் இருந்தது. நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கத்தினால் நயினாதீவில் படகு கட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று உங்கள் சித்தப்பா பகிடி பண்ணுவார். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

அவருடைய பேக்கரி இறுப்பிட்டிக்குப் போகிற தெருவில், ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தது. உள்ளே பாண் சுடுகிற ஒரு பெரிய போறணை, மாப் பிசைகிற நீட்டு மேசை, மூன்று வேலைக்காரர். விடியப்புறம் கொட்டிலுக்குள் வந்ததும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இண்டைக்கு ஆர் போறணை?"

வேலைக்காரரில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருவராகப் போறணைக்குப் பொறுப்பு எடுக்கவேண்டும். எவ்வளவு விறகு வைப்பது, பாணை எப்போது உள்ளே தள்ளுவது, கதவை எப்போது திறப்பது, யார் மாப் பிசைவது, யார் தண்ணீர் அள்ளுவது, எல்லாம் அன்றைக்கு அந்த ஆள் சொல்வதுதான். முதலாளியும் அந்த ஆள் சொன்ன வேலையைத்தான் செய்வார். அனேகமாக அவருக்கு விறகு சுமக்கிற வேலைதான் கிடைக்கும். நான் சலூனில் குந்தியிருந்து இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். முதலாளி விறகு சுமக்கிறார், வேலைக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான், அந்தப் பேக்கரி அடுத்த சித்திரையைக் காணாது என்றேன். அது எத்தனையோ சித்திரையைக் கண்டது.

அந்த வேலைக்காரரில் சின்னத்துரை என்று ஒருவர். கலியாணம் செய்து பிள்ளை குட்டி உள்ள ஆள், ஆனால் வாயே திறக்கமாட்டார். கடைக்கு வந்தால் வேண்டிய சாமானை விரலால் காட்டுவார். ஒருநாள் காலை நான் பாண் வாங்கப் போனபோது அன்றைக்குப் போறணை அவருடையது. போறணைக்குள் இருந்து ஒரு மணம் வந்தது. பாண் வேகிற மணத்துக்கு அப்பால் போய்விட்ட மணம். எனக்கே பிடிபட்டது. சின்னத்துரை கதவுக்கு முன்னால் யோசித்துக்கொண்டு நிற்கிறார். முதலாளி எனக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தபடி நிற்கிறார்.

"மணக்குது காணும், திறக்கச் சொல்லும்" என்றேன்.

"எனக்கும் மூக்கிருக்குது. இண்டைக்குப் போறணை அவன்ரை" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த விரல்களை முதல்முதலாகக் கண்டேன். வலது கை இடது கையின் மணிக்கட்டைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது. எட்டிப் போய்க் கதவைத் திறந்துவிடாமல் ஒரு கை மற்றக் கையைப் பிடித்து வைத்திருந்தது. குரலில் ஒன்றும் இல்லை. முகத்திலும் ஒன்றும் இருந்திருக்காது.

கதவு திறந்தபோது பாண் எல்லாவற்றுக்கும் தலை கறுத்திருந்தது. இனி ஏச்சு விழும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் நின்றேன். அவர் ஏசவில்லை. இனி என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். சின்னத்துரை கருகின பாண் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, சனத்துக்குச் சொல்லத்தான் வேணும் என்றார். ஓம், அப்ப சொல்லு என்றார் இவர், விறகை எடுக்கப் போய்விட்டார்.

அன்று முழுக்கச் சின்னத்துரை பாண் வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார்: "இண்டைக்குக் கருகிப் போச்சுது. நான்தான் பிந்தித் திறந்தனான்." முதல் ஆள் நான். என்னிடம் சொன்னபோது அது காதில் விழவே இல்லை. பிறகு பிறகு வந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டதாம். தேத்தண்ணியில் தோய்த்தால் எல்லாம் ஒன்றுதான் என்று பெண்கள் சிரித்துக்கொண்டு வாங்கிப்போனார்கள். வீட்டில் உங்கள் அம்மா கரியைச் சுரண்டிக்கொண்டே, பிழையைச் சொல்லி விற்கிற கடையை இப்போதுதான் காண்கிறேன் என்றா. பாண் கசக்கவில்லை. அம்மா சொன்னது கசந்தது. என் கடையில் நிறுவை பிழைக்காமல் எத்தனை வருசம் சாமான் கொடுத்தேன், அதை ஒருநாளாவது சொன்னாவா?

இனிக் குளத்துக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் குளம் தூர்ந்துபோய் இருந்த காலம். அதற்கும் கடலுக்கும் இடையில் இருந்த அணையும் கரைந்து பதிந்துவிட்டது. மாரி வருவதற்கு முன் குளத்துச் சேற்றை அள்ளி அந்த அணையில் போட்டு உயர்த்தவேண்டும் என்று கிராம முன்னேற்றச் சங்கத்தில் தீர்மானித்தோம். அப்போது நான் செயலாளர். தலைவர் வயதானவர், அடுத்த முறை விலகப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இந்த வேலையை வடிவாக நடத்திக் காட்டினால் அந்தக் கதிரை எனக்குத்தான். அதற்காக யாழ்ப்பாணம் போய்க் கறுப்பு நாடாவில் கோத்த ஒரு விசில் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம். குளத்து அடியில் இருந்து அணை வரைக்கும் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று சேறு போட்ட பனையோலைக் கடகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கவேண்டும். நான் அணை மேட்டில் நின்றேன். அங்கே நின்றால் எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் என்னையும் தெரியும். விசிலை ஊதினேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு வரிசையின் நடுவில் கடகங்கள் குவிந்துபோய் நின்றன. நான் ஊதினேன், கத்தினேன். இன்னும் குவிந்தன.

அவர் எங்கே நின்றார் என்றால், அந்த நடுவில். வந்தவுடன் வரிசையை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பொன்னம்மாக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பொன்னம்மாக்கா புருசனை இழந்தவர். சங்கக்கடைக்கு வந்தால் கூப்பன் புத்தகத்தை நீட்டிவிட்டு, அரிசி நிறுத்துக் கொடுக்கும்வரை ஒரு சொல் பேசாமல் நிற்பவர். அவருடைய கையில்தான் வரிசை தடைப்பட்டுக்கொண்டிருந்தது.

"எங்கை இடிக்குது அக்கா?" என்று இவர் கேட்டாராம்.

கடகத்தை நிறைத்துப் போடுகிறார்கள், தூக்க ஏலவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. உங்கடை கைக்குத்தானே தெரியும்."

"நானோ தம்பி?"

"நீங்கள்தான்."

பொன்னம்மாக்கா கீழே திரும்பி, "பிள்ளையள், அரைக் கடகம் போடுங்கோ" என்றார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறதென்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடகங்கள் ஓடத் தொடங்கின. அரைக் கடகம், ஆனால் நிற்காமல். பொன்னம்மாக்கா அதற்குப் பிறகு நிறுத்தவில்லை, கெதியாப் பிடி, வெறும் கடகத்தை எறியாதை, அந்தப் பெடிச்சிக்குத் தண்ணி குடு என்று பொழுது ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். விசில் என் வாயில் இருந்தது. ஊத ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவர் பேக்கரியில் கேட்கிற மாதிரியே கேட்டார்: "இண்டைக்கு ஆர் குரல்?" பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குரல். ஒருநாள் தபால்காரர், ஒருநாள் பொன்னம்மாக்காவின் மகள், ஒருநாள் சின்னத்துரைகூட. சின்னத்துரையின் குரல் தொடக்கத்தில் பக்கத்து ஆளுக்கே கேட்கவில்லை. பத்து மணி வெயில் வர, அணையில் நின்ற எனக்கே கேட்டது. என்னை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குத்தான் விசில் இருந்ததே.

அணை உயர்ந்தது. சங்கத்தின் பொதுக்கூட்டமும் வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு முன் நான் வீடு வீடாகப் போனேன். எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள், எல்லாரும் ஓம் என்றார்கள். வாசிகசாலையில் கூட்டம் தொடங்கியதும், தபால்காரர் எழுந்து பேக்கரிக்காரருடைய பெயரைத் தலைவர் பதவிக்குச் சொன்னார். பின்னாலிருந்து மூன்று நான்கு பேர் அதையே சொன்னார்கள். எனக்கு ஓம் என்று சொன்ன முகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். "தலைவர் வேலைக்கு ஆசை வேணும். எனக்கு அந்த ஆசை இல்லை. இவருக்கு நிறைய இருக்குது. ஆசை உள்ளவர் செய்யட்டும்" என்று என்னைக் காட்டினார்.

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நல்ல மாட்டை நல்ல மாடு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். போட்டி இல்லாமல் நான் தலைவரானேன், மாலை போட்டார்கள். அந்த மாலை கழுத்தில் அரித்த மாதிரி வேறெதுவும் எனக்கு அரித்ததில்லை. வென்று எடுத்தால் அது என்னுடையது. அவர் வேண்டாம் என்று விட்டதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, நல்ல மனிசன் என்ன என்று கேட்டா. நல்ல நடிகன் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

தலைவரானால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஒரு காரியத்தை நான் சொன்னால், சரி தலைவர் என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, பேக்கரியிலை என்ன சொல்லினம் என்று ஒருவர் மெல்லக் கேட்பார். அங்கே போனால் அவர் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். நீர் என்ன நினைக்கிறீர் என்று கேட்டவரையே திருப்பிக் கேட்பார். அவ்வளவுதான். அதற்குப் போய் அவரிடம் போகிறார்களே என்று எனக்கு எரியும்.

மாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பேக்கரிக்கு முன்னால் விடியவே வரிசை நிற்கும். வேலாயுதம் என்று ஒருவன், ஊரில் எந்த வரிசையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறவன். அவனோடு தெருவில் சண்டை நடக்காத நாளில்லை. அவனை என்ன செய்வது என்று சங்கத்தில் நான் கூட்டம் வைத்தேன். அவர் அடுத்த நாள் காலை வேலாயுதத்தையே கூப்பிட்டு, "இண்டைக்கு வரிசை உன்ரை" என்றாராம். அன்றைக்கு எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவல், முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஊர் வேலையாகப் போகிற தலைவன்தானே என்று முன்னால் போனேன். வேலாயுதம் கையை நீட்டி மறித்தான்.

"தலைவரோ ஆரோ, வாலிலை போய் நில்லுங்கோ."

வரிசை முழுவதும் எனக்கு வாலைக் காட்டியது. அவர் உள்ளே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள்கள் குலுங்கியதை நான் கண்டேன். முதல் பஸ் போய்விட்டது.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த வருசத்து மாரியில் ஒரு பின்னேரம், வாடைக்காற்று கடலைக் கிளப்பி அணையில் மோதிக்கொண்டிருந்தது. அணை உடைந்து உப்புத் தண்ணீர் குளத்துக்குள் வந்தால், அந்த வருசம் முழுக்க ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கௌரி, நீ அப்போது கைக்குழந்தை. நான் விசிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். சனமும் சாக்குகளோடு ஓடிவந்தது. பேக்கரியில் இருந்து அவரும் வேலைக்காரரும் வெறும் மாச்சாக்குகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். வந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"சொல்லும் தலைவர்" என்றார். கை இரண்டும் பின்னால் போயின.

இத்தனை வருசமும் நான் ஆசைப்பட்ட இடம் அது. ஊர் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அலை மேலால் அடிக்கிறது, ஆகவே அணையின் தலையில் மண்மூட்டை அடுக்குங்கள் என்று சொன்னேன். விசிலை ஊதினேன். அடுக்கினார்கள். சாக்கு நிரப்புகிறவர்களைப் பார்க்க நான் இந்தப் பக்கம் வரும்போது அவருக்குப் பின்னால் வந்தேன்.

விரல்களைக் கண்டேன். பாண் கருகின அன்றைக்குப் பார்த்த அதே முறுக்கு. மணிக்கட்டு வெளிறிப்போயிருந்தது.

பிள்ளைகளே, நினைத்துப் பாருங்கள். நான் பிழையாகச் செய்கிறேன் என்று இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். இன்றைக்குப் போறணை என்னுடையது. நான் இன்றைக்குச் சின்னத்துரை. குளம் உப்பாகிப்போக முன் அவர் வாயைத் திறந்திருப்பாரோ, திறந்திருக்கமாட்டாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்பதைவிடக் கடல் தண்ணீரைக் குடிக்கலாம் என்றிருந்தது எனக்கு.

விசிலை வாயில் இருந்து எடுத்தேன். சுற்றிப் பார்த்தேன். சின்னத்துரை அணைக்கு உட்பக்கமாகக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் கத்தினேன். என் வாயில் வந்தது என்னுடைய வசனம் அல்ல.

"எங்கை இடிக்குது?"

சின்னத்துரை நிமிர்ந்தார். காற்றுக்கு மேலால், ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "மேலாலை வாறது கொஞ்சம் தலைவர். கீழை நண்டு வளையாலை ஊறுது. உள்ளுக்கு நுரைச்சுக்கொண்டு வருது. மேலை அடுக்கிப் பிரயோசனமில்லை."

"சின்னத்துரை சொல்லுறதைச் செய்யுங்கோ" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன சரியான சொல் அது ஒன்றுதான்.

சொல்லிவிட்டு முதல் வேலையாகத் திரும்பி அந்த விரல்களைப் பார்த்தேன். தளர்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக, நனைந்த கயிற்று முடிச்சு அவிழ்கிற மாதிரி. பிறகு அந்தக் கைகள் முன்னால் வந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கின.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அரைச் சாக்குப் போடுங்கோ பிள்ளையள் என்று பொன்னம்மாக்கா தொடங்க, வரிசை தானாகவே நின்றது. வேலாயுதம் கடற்பக்கம் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு வளை வாய்களைச் சாக்கால் அடைத்தான், குறுக்கே வந்த எல்லாரையும் ஏசினான். எத்தனை விடியல், எத்தனை ஞாயிறு இதற்கே பழகியிருக்கிறார்கள் என்று நான் அப்போதுதான் கண்டேன். அணை நின்றது. குளத்துத் தண்ணீரை அடுத்த நாள் வாயில் விட்டுப் பார்த்தோம். இனித்தது.

தலைவர் அணையைக் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. சங்கத்தில் மறுபடியும் மாலை போட்டார்கள். சின்னத்துரைதான் சொன்னவர் என்று நான் எழுந்து சொன்னேன். தலைவருடைய அடக்கத்தைப் பாருங்கள் என்று அதற்கும் கைதட்டினார்கள். விரல்களைப் பற்றி என்னென்று சொல்வது?

அணை நின்ற அன்றைக்கே, எல்லாரும் கலைந்து போகும்போது, அவர் சாரத்தைப் பிழிந்துகொண்டு எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். ஒழுங்கை திரும்புகிற இடத்தில் நின்றார்.

"காணும், இனி நீர் எனக்குப் பின்னாலை நிக்கப்படாது."

"ஏன்?"

"நீர் பாக்கிறீர்."

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போனார். இவ்வளவு காலமும் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். பார்க்கப்பட்டவன் நானும்தான். அதற்குப் பிறகு அவர் கையைப் பின்னால் கட்டியதை நான் காணவில்லை. நெஞ்சுக்கு முன்னால் கட்டி, விரல்களை அக்குளுக்குள் புதைத்துக்கொண்டு நிற்பார். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் ஒன்றும் தெரியாது. அடுத்த வருசம் கோயில் வீதிக்கு மண் போடும்போது நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த மட்டில் நானே முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு தரம் பிழை விட்டேன். ஒருவரும் சாகவில்லை.

பிறகு அவர் குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார். அங்கே காணி கிடைத்ததாம். பேக்கரியைச் சின்னத்துரையிடம் விட்டுப் போனார். அவர் போன அன்று பஸ்ஸடியில் நின்ற சனத்தைப் பார்த்திருக்கவேண்டும். பொன்னம்மாக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். நான் தலைவர் பதவியை விட்ட அன்றைக்குத் தேத்தண்ணியும் வடையும் தந்தார்கள்.

இப்போது கிணற்றடிக்கு வருகிறேன்.

நேற்றுப் பின்னேரம் தம்பி முதல்முதலாகத் தனியாகத் தண்ணீர் அள்ளினான். நான் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றேன். வாளி பாதி வந்ததும் ஒரு பக்கம் இழுபட்டு, கிணற்றுச் சுவரில் மோதுகிற மாதிரி ஆடத் தொடங்கியது. நான் வாயே திறக்கவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து, "தம்பி, கயிறை நடுவுக்கு எடு" என்று, கௌரி, நீ சொன்னாய். அவன் எடுத்தான். வாளி நேரே வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நீ வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்கடை விரல் முறுகிச்சுதப்பா" என்றாய்.

உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா, அப்பாவின்ரை பழக்கம் அதுதானே, பிள்ளையள் நடை பழகின நாளிலையிருந்து கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறார் என்று சொன்னா. எனக்குத் தெரியாமல் எப்போது அது என் முதுகில் வந்து ஏறியதென்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அதை என்னுடைய பழக்கம் என்று சொன்னபோது ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. பிறகு யாருடையது என்று ஞாபகம் வந்தது.

கௌரி, நீ கெட்டிக்காரி. ஆனால் தம்பி வாளியை ஒருக்கால் சுவரில் மோத விட்டிருக்கலாம். தண்ணீர்தானே, மறுபடி அள்ளுவான். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் கத்தவேண்டாம். வகுப்பில் ஆகக் கூடச் சத்தம் போடுகிறவனிடமோ, வாயே திறக்காதவளிடமோ போய், "இண்டைக்கு ஆர்?" என்று கேட்டு, ஒருநாள் அவர்களிடம் விட்டுப் பார். உனக்குச் சொல்லவேண்டும்போல இருக்கும். நாக்கு அரிக்கும். அதற்கு நீ கையை எங்கே வைத்திருப்பாய் என்பது உன் பாடு.

நாளைக்கும் தம்பிதான் தண்ணீர் அள்ளுவான். நீ எனக்குப் பின்னால் வந்து நின்றாலும் ஒன்றும் தெரியாது. நான் கையை முன்னால் கட்டி அக்குளுக்குள் வைத்திருப்பேன். அதுவும் அவருடையதுதான். எனக்கென்று ஒன்றையாவது அந்த மனிசன் விட்டுவைத்திருக்கலாம்.